தடுப்பு பெப்டைடு வாங்கலாமா? விரால் கல்லீரலில் ரெகுகால்சினைத் தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

மார்ச் மாதம் நெருங்கினால் நம் டெல்டா மாவட்டக் கல்லூரிகளின் விலங்கியல், உயிர்வேதியியல் துறைகளில் கொட்டேஷன்கள் குவியும். ஆய்வுத் திட்டத்தில் மிச்சமிருக்கும் பணத்தை 31ஆம் தேதிக்குள் செலவழிக்க வேண்டும். அப்போது ஆய்வு மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: ஒரு புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை வாங்கியாயிற்று, அதே நிறுவனம் அந்தப் பிடிப்பைத் தடுத்துப் பார்ப்பதற்கான சிறு புரதத் துண்டை, அதாவது தடுப்பு பெப்டைடையும் விற்கிறது, அதையும் சேர்த்து வாங்கிவிடலாமா? ஆய்விதழுக்கு அனுப்பினால் மதிப்பீட்டாளர் கேட்பார் என்கிறார்களே?

கேட்பார் என்பது உண்மைதான். ஆனால் எதை நிரூபிக்கச் சொல்லிக் கேட்கிறாரோ அதை அந்தக் குப்பி நிரூபிக்குமா என்பதுதான் முதலில் தீர வேண்டிய கேள்வி. கையில் இருப்பது சிறு தொகை. அதைச் செலவிட வேறு வழிகளும் இருக்கின்றன. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன். பேச்சு காற்றில் பறக்காமலிருக்க ஒரு புரதத்தையும் ஒரு மீனையும் எடுத்துக்கொள்கிறேன். புரதம் ரெகுகால்சின். மீன் நம் வாய்க்கால்களிலும் குளங்களிலும் வாழும் விரால்.

ரெகுகால்சினை 1978இல் ஜப்பானிய ஆய்வாளர் மசயோஷி யமகுச்சி எலியின் கல்லீரலிலிருந்து கண்டறிந்தார். உயிரணுவுக்கு வெளியே கால்சியம் அயனி மில்லிமோலார் அளவில் இருக்கிறது. உள்ளே சுமார் 100 நானோமோலார்தான். பத்தாயிரம் மடங்கு வேறுபாடு. இந்த மேடு பள்ளம் குலைந்தால் உயிரணு பிழைக்காது. அதைக் காக்கும் கால்சியம் பம்புகளின் வேகத்தைச் சீராக்குவதில் ரெகுகால்சினுக்குப் பங்கு இருக்கிறது. கால்சியத்தைப் பிடிக்கும் பெரும்பாலான புரதங்களில் காணப்படும் ஈ.எஃப். கை என்ற அமைப்பு இதில் கிடையாது. மனிதரில் 299 அமினோ அமிலங்கள் கொண்டது. எடை சுமார் 33 கிலோடால்டன் (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு). வயது ஏற ஏறக் கல்லீரலில் இதன் அளவு குறைவதைக் கண்ட வேறொரு ஜப்பானியக் குழு இதற்கு எஸ்.எம்.பி.30 என்று பெயர் வைத்தது. மரபணுவின் பெயர் ஆர்.ஜி.என். ஒரே புரதத்தை மூன்று பெயர்களில் விற்கிறார்கள். கேட்லாக்கில் தேடும்போது மூன்றையும் போட்டுத் தேடினால்தான் சந்தையில் உள்ள ஆன்டிபாடிகள் முழுமையாகக் கண்ணில் படும்.

டெல்டாவில் இதை ஏன் விராலில் தேட வேண்டும்? குறுவைக்கும் சம்பாவுக்கும் வயலில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி வடிகால் வழியாக விரால் வாழும் நீருக்கு வந்து சேர்கிறது. மீனுக்குள் நுழையும் நஞ்சை முதலில் எதிர்கொள்ளும் உறுப்புகளில் ஒன்று கல்லீரல். அங்கே கால்சியக் கட்டுப்பாடு எப்படி மாறுகிறது என்று கேட்பது நம் மண்ணுக்குரிய கேள்வி. இங்கிருந்துதான் அதைக் கேட்க முடியும். அதனால்தான் இதற்கான பதிலும் உறுதியான ஆதாரத்தின் மேல் நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சந்தையில் கிடைக்கும் ரெகுகால்சின் ஆன்டிபாடிகள் மனிதர், எலி, சுண்டெலி ஆகியவற்றின் புரதத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. விராலுக்கென்று எவரும் செய்து விற்பதாக நான் பார்த்ததில்லை. மனிதப் புரதத்தின் ஒரு துண்டை முயலுக்குச் செலுத்திப் பெற்ற ஆன்டிபாடியை எடுத்துக்கொள்கிறோம். மீனின் கல்லீரல் சாற்றிலுள்ள புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, ஒரு சவ்வுக்கு மாற்றி, அதன் மேல் அதை ஊற்றுகிறோம்; இதுவே வெஸ்டர்ன் பிளாட். ஆன்டிபாடி பிடித்த இடம் பட்டையாகத் தெரியும். 33 கிலோடால்டன் அருகே ஒரு பட்டை தெரிகிறது. அது ரெகுகால்சின்தானா?

பெப்டைடு சொல்வதும் சொல்லாததும்

தடுப்பு பெப்டைடு என்பது அந்த முயலுக்குச் செலுத்திய அதே துண்டு. வழக்கமாக 10 முதல் 20 அமினோ அமில நீளம். ஆன்டிபாடியோடு இதை மிகையாகக் கலந்து சிறிது நேரம் வைத்தால், ஆன்டிபாடியின் பிடிக்கும் முனைகள் பெப்டைடால் நிரம்பிவிடும். அந்தக் கலவையை வெஸ்டர்ன் பிளாட் சவ்வின் மேல் ஊற்றினால், உண்மையான பிடிப்பால் வந்த பட்டைகள் மறையும்; வேறு காரணத்தால் ஒட்டியவை அப்படியே நிற்கும். செய்முறை எளிது, முடிவு ஒரே நாளில் தெரியும், படத்தில் பார்க்கவும் அழகாக இருக்கும். ஆன்டிபாடி விற்பனைப் பக்கங்களில் இரண்டு சவ்வுகளின் படத்தை அருகருகே போடுவதும் அதனால்தான்.

ஆனால் பட்டை மறைந்தது எதைக் காட்டுகிறது? ஆன்டிபாடி தன் பிடிக்கும் முனையால்தான் அந்தப் புரதத்தைப் பிடித்தது என்பதை மட்டும். பிடிபட்ட புரதம் ரெகுகால்சின் என்பதை அது காட்டவில்லை. ஒரே சாவி இரண்டு வீட்டுப் பூட்டையும் திறக்கிறது என்று வையுங்கள். சாவியை வாங்கி வைத்துக்கொண்டால் இரண்டு வீடும் திறக்காது. ஆனால் எந்த வீடு உங்களுடையது என்பது அதிலிருந்து தெரிந்துவிடுமா? மீனின் கல்லீரலில் வேறொரு புரதத்தில் அந்தத் துண்டை ஒத்த ஓர் ஐந்தாறு அமினோ அமில வரிசை இருந்தால், ஆன்டிபாடி அதையும் பிடிக்கும், பெப்டைடு அதையும் தடுக்கும். பட்டை மறையும். நாம் மகிழ்வோம். மகிழ்ச்சிக்கு ஆதாரம் இருக்காது.

ஆன்டிபாடிகளைச் சரிபார்க்கும் முறைகளை வகுக்க ஏற்பட்ட பன்னாட்டுப் பணிக்குழு ஒன்று, மத்தியாஸ் ஊலேன் தலைமையில், 2016இல் ஐந்து வழிகளை முன்வைத்தது: மரபணுவை நீக்கி அல்லது அடக்கிப் பார்ப்பது, ஆன்டிபாடியே இல்லாத வேறொரு முறையால் அளந்து ஒப்பிடுவது, புரதத்தின் வேறு பகுதியைப் பிடிக்கும் இன்னோர் ஆன்டிபாடியோடு ஒப்பிடுவது, அடையாள ஒட்டு சேர்த்த புரதத்தை உயிரணுவில் உருவாக்கிப் பார்ப்பது, ஆன்டிபாடி பிடித்ததை நிறைநிரலியலால் (துண்டுகளின் எடையை அளந்து இனங்காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி) அடையாளம் காண்பது. அந்த ஐந்தில் தடுப்பு பெப்டைடு இடம்பெறவில்லை. இதை நம் வகுப்பறைகளில் போதிய அழுத்தத்தோடு சொல்லிக்கொடுக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

அப்படியானால் அது வீணா? இல்லை. உங்களிடம் இருப்பது எந்த வகை ஆன்டிபாடி என்பதைப் பொறுத்தது.

சுத்திகரிக்காத முயல் சீரம் என்றால் பெப்டைடுக்கு நிறைய வேலை இருக்கிறது. பெப்டைடு சிறியது, தனியாகச் செலுத்தினால் முயலின் உடல் அதைப் பொருட்படுத்தாது. ஆகவே கே.எல்.ஹெச். என்ற பெரிய புரதத்தோடு இணைத்துச் செலுத்துகிறார்கள். அந்தக் கே.எல்.ஹெச்.சுக்கு எதிரான ஆன்டிபாடிகளும், முயலுக்கு இயல்பிலேயே இருந்த ஆன்டிபாடிகளும் சீரத்தில் கலந்திருக்கும். சவ்வில் தெரியும் ஏழெட்டுப் பட்டைகளில் எது எவருடையது என்று பிரிக்கப் பெப்டைடு உதவும்.

அந்தப் பெப்டைடைக் கொண்டே தூய்மைப்படுத்திய ஆன்டிபாடி என்றால் கதை மாறுகிறது. டேட்டாஷீட்டில் அப்படித்தான் போட்டிருக்கும். இன்று விற்கும் பல பாலிகுளோனல் (பலவகை மூலக்கூறுகள் கலந்த) ஆன்டிபாடிகள் இவ்வகையே. பெப்டைடைப் பிடிக்காதவை ஏற்கெனவே பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிட்டன. மிச்சமிருப்பவை எல்லாம் பெப்டைடைப் பிடிப்பவை. அவற்றைப் பெப்டைடால் தடுத்தால் எல்லாப் பட்டையும் மறைவதில் வியப்பு என்ன? விடை முன்பே தெரிந்த கேள்விக்குப் பணம் கொடுக்கிறோம்.

முழுப் புரதத்தைச் செலுத்திப் பெற்ற மோனோகுளோனல் (ஒரே வகை மூலக்கூறு மட்டும் கொண்ட ஆன்டிபாடி) என்றால், அது எந்தத் துண்டைப் பிடிக்கிறது என்பதே பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை. அதற்குப் பெப்டைடு விற்பனைக்கு இருக்கிறதா என்று தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

முதல் ஆன்டிபாடியைப் பிடித்து அதைக் கண்ணுக்குக் காட்டும் இரண்டாம் நிலை ஆன்டிபாடி தானாக ஒட்டுவது, திசுவில் இயல்பாக உள்ள பெராக்சிடேஸ் என்ற நொதி நிறம் தருவது, கல்லீரலில் மிகுதியாக இருக்கும் பயோட்டின் என்ற வைட்டமின் ஏமாற்றுவது ஆகியவற்றையும் பெப்டைடு சோதனை காட்டிக்கொடுக்கும். ஆனால் முதல் ஆன்டிபாடியை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்தாலே இவை தெரிந்துவிடும். அதற்கு ஒரு பைசா செலவில்லை. மீன் திசுவில் மெலனின் நிறைந்த விழுங்கணுத் திரள்கள் பழுப்பு நிறத்தில் தெரிவதையும் இதே இலவசச் சோதனையில் கண்டுகொள்ளலாம். பழுப்பு நிறம் தரும் டி.ஏ.பி. சாயம் போடுவோர் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

விற்பனையாளரின் பெப்டைடு, நாமே வரிசை கொடுத்துச் செய்யச் சொல்லும் பெப்டைடு, பாக்டீரியாவில் உருவாக்கிய முழுப் புரதம் ஆகிய மூன்றையும் தடுப்பானாகப் பயன்படுத்தலாம். எவ்வளவு தேவை என்ற கணக்கு இவற்றை நன்றாகப் பிரித்துக் காட்டும்.

ஓர் ஆன்டிபாடி மூலக்கூறின் எடை சுமார் 1,50,000 டால்டன். ஆகவே 1 மைக்ரோகிராம் ஆன்டிபாடி என்றால் 6.7 பிகோமோல் (மூலக்கூறு எண்ணிக்கையைச் சொல்லும் அலகு), ஒவ்வொன்றுக்கும் இரண்டு கை என்பதால் 13 பிகோமோல் பிடிக்கும் முனைகள். 15 அமினோ அமிலம் கொண்ட பெப்டைடின் எடை சுமார் 1,650 டால்டன். அதில் 1 மைக்ரோகிராம் என்றால் 606 பிகோமோல். எடை சமமாக இருந்தாலே ஒரு முனைக்கு 45 பெப்டைடு மூலக்கூறுகள் கிடைக்கின்றன. வழக்கமாகச் சொல்லப்படும் ஐந்து மடங்கு எடையில் கலந்தால் ஒரு முனைக்கு 225க்கு மேல். தாராளம்.

முழுப் புரதத்துக்கு இதே கணக்கு: 33 கிலோடால்டன் புரதத்தில் 1 மைக்ரோகிராம் என்றால் 30 பிகோமோல்தான். ஒரு முனைக்கு இரண்டு மூலக்கூறுக்குச் சற்று அதிகம். 45 மடங்கு வேண்டுமென்றால் ஆன்டிபாடியைப் போல் இருபது மடங்கு எடை புரதம் ஊற்ற வேண்டும். தடுப்பதற்கென்று மட்டும் புரதத்தைத் தயாரிப்பது கட்டாது.

இப்போது குப்பியின் அளவு. ஒரு சிறு சவ்வுக்கு 5 மில்லி ஆன்டிபாடிக் கரைசல், மில்லிக்கு 1 மைக்ரோகிராம் என்றால் 5 மைக்ரோகிராம் ஆன்டிபாடி. அதற்கு 25 மைக்ரோகிராம் பெப்டைடு. விற்பனையாளர் தரும் குப்பியில் 50 மைக்ரோகிராம் இருந்தால் இரண்டு பிளாட்டோடு முடிந்தது. முதல் பிளாட்டில் சவ்வு சரியாக வரவில்லை என்றால் கையில் ஒரே வாய்ப்பு. மாறாக, பெப்டைடு தொகுக்கும் நிறுவனங்கள் மில்லிகிராம் கணக்கில் செய்து தருகின்றன. 5 மில்லிகிராம் என்றால் இருநூறு பிளாட்டுக்கு வரும். ஒரு துறையின் மொத்த மாணவர்களும் பல ஆண்டு பயன்படுத்தலாம். மெரிஃபீல்டு 1963இல் வெளியிட்டு 1984இல் நோபல் பெற்ற திண்மத் தள முறையில், அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, இந்தியாவிலேயே செய்துகொடுப்பவர்கள் இருக்கிறார்கள். விலை வரிசையின் நீளத்தையும் தூய்மையையும் பொறுத்தது. தடுப்புச் சோதனைக்கு 80 சதவீதத் தூய்மை போதும். 98 கேட்டுப் பணத்தை இறைக்க வேண்டாம்.

ஒரு தடை உண்டு. நாமே செய்யச் சொல்ல வேண்டுமென்றால் வரிசை தெரிய வேண்டும். பல நிறுவனங்கள் அதை வெளியிடுவதில்லை. "நடுப்பகுதியிலிருந்து ஒரு துண்டு" என்று எழுதி முடித்துவிடுவார்கள். என் கருத்து இதில் கடுமையானது: துண்டின் வரிசையை, குறைந்தது அதன் எல்லைகளையாவது, சொல்ல மறுக்கும் ஆன்டிபாடியை மீன் ஆய்வுக்கு வாங்கவே கூடாது. எலிக்கு வாங்குவோர் வேறு சான்றுகளை வைத்துச் சமாளிக்கலாம். நமக்கு அந்த வரிசைதான் அடிப்படை.

மனிதரின் பெப்டைடா, விராலின் பெப்டைடா?

இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான்.

விற்பனையாளரின் பெப்டைடு மனித வரிசை. ஆன்டிபாடியை வளர்த்ததே அதுதான் என்பதால் எப்போதும் தடுக்கும். மீனைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆனால் விராலின் ரெகுகால்சினில் அதே இடத்தில் இருக்கும் வரிசையைக் கொண்டு ஒரு பெப்டைடு செய்தால்? ஆன்டிபாடி விராலின் அந்தத் துண்டைப் பிடிக்க வல்லது என்றால்தான் அது தடுக்கும். தடுக்காவிட்டால், நம் சவ்வில் 33 கிலோடால்டனில் தெரிந்த பட்டை பெரும்பாலும் வேறு ஏதோ புரதம். இந்தச் சோதனைக்குத் தோற்கும் வாய்ப்பு இருக்கிறது. தோற்க முடியாத சோதனைக்குப் பணம் கொடுப்பதைவிட, தோற்கக்கூடியதற்குக் கொடுப்பதே ஆய்வு.

வரிசை எங்கே கிடைக்கும்? நம் விராலின் நெருங்கிய உறவான சன்னா ஆர்கஸ் என்னும் வடக்கத்திய விராலின் மரபணுத் தொகுதி 2017இல் வெளியானது. அதிலும், பொதுத் தரவுத்தளங்களில் உள்ள மற்ற மீன்களின் வரிசைகளிலும் ரெகுகால்சினைத் தேடி, மனித வரிசையோடு வரிவரியாகப் பொருத்திப் பாருங்கள். வீட்டிலிருந்தே ஒரு மாலையில் முடியும் வேலை. பொருத்தத்தில் பதினைந்துக்கு இரண்டு எழுத்து மாறியிருந்தால் நம்பிக்கை வைக்கலாம். ஏழெட்டு மாறியிருந்தால் அந்த ஆன்டிபாடியையே விட்டுவிட்டு வேறு பகுதிக்கு எதிரானதைத் தேடுங்கள். நெருங்கிய இனத்தின் வரிசையை மட்டும் நம்பாமல், நம் விராலின் கல்லீரலிலிருந்து ஆர்.என்.ஏ. எடுத்து அந்தப் பகுதியைப் பெருக்கி வரிசைப்படுத்திக்கொண்டால் இன்னும் திடம். அந்த வேலை பின்னால் வேறொன்றுக்கும் பயன்படும்.

செய்யும்போது மூன்று குழாய்களாவது வையுங்கள்: ஆன்டிபாடியோடு வெறும் பஃபர், ஆன்டிபாடியோடு விரால் பெப்டைடு, ஆன்டிபாடியோடு அதே அமினோ அமிலங்களைக் கலைத்துக் கோத்த பெப்டைடு. மூன்றாவது தடுக்கக் கூடாது. கட்டுரைகளில் இந்த மூன்றாவது பெரும்பாலும் காணாமல் போகிறது. அது இல்லாமல், பெப்டைடு என்ற பொருளைச் சேர்த்ததாலேயே பிடிப்பு குறைந்ததா என்ற ஐயம் தீராது. மனிதப் பெப்டைடும் கையில் இருந்தால் இரண்டையும் படிப்படியாக நீர்க்கச் செய்து, எந்த அளவில் பட்டை பாதியாகிறது என்று ஒப்பிடுங்கள். விரால் பெப்டைடு நூறு மடங்கு கூடுதலாகத் தேவைப்படுகிறது என்றால், ஆன்டிபாடி அதைப் பலவீனமாகத்தான் பிடிக்கிறது. சவ்வில் உள்ள பட்டையை அந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஆன்டிபாடியின் செறிவைப் பட்டை தெளிவாகத் தெரியும் குறைந்தபட்ச அளவுக்கு இறக்கிக்கொண்டு தொடங்குங்கள். அதிகமாக ஊற்றினால் எந்தப் பெப்டைடும் முழுதாகத் தடுக்காது. சவ்வுகள் மூன்றும் ஒரே ஜெல்லிலிருந்து வெட்டியவையாகவும், ஒரே நேரம் படமெடுத்தவையாகவும் இருக்கட்டும்.

கே.எல்.ஹெச்.சோடு இணைப்பதற்காக முனையில் சேர்த்த சிஸ்டீனை நம் பெப்டைடில் வைக்கத் தேவையில்லை. வைத்தால் இரண்டிரண்டாக இணைந்துகொள்ளும். முனைகளில் அசிட்டைல், அமைடு மாற்றங்கள் மூலத் துண்டில் இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.

மற்ற வழிகள்

மரபணு நீக்கிய விலங்கு அல்லது உயிரணுதான் இந்தத் துறையில் உயர்ந்த சான்று. 65 புரதங்களுக்கு எதிரான 614 ஆன்டிபாடிகளை ஒரே முறையில் சோதித்து 2023இல் வெளியான பெரிய ஆய்வும், மரபணு நீக்கிய உயிரணுக்களை வைத்துச் சோதிப்பது மற்ற வழிகளைவிட நம்பத் தக்கது என்றே காட்டியது. ரெகுகால்சின் இல்லாத சுண்டெலிகள் 2002 முதலே ஜப்பானில் இருக்கின்றன. அவற்றுக்கு உணவில் வைட்டமின் சி கொடுக்காவிட்டால் ஸ்கர்வி வந்ததைக் கண்டபோதுதான், இந்தப் புரதம் கொறிணிகளில் வைட்டமின் சி தயாரிப்பின் ஒரு படியைச் செய்கிறது என்பது 2006இல் உறுதியானது. அந்தச் சுண்டெலியின் கல்லீரல் சாறு கிடைத்தால் எலி ஆய்வு செய்வோருக்குப் பெரும் பேறு. கூட்டாய்வுக் கடிதம் எழுதிக் கேட்பதில் தவறே இல்லை. விராலுக்கு இது இப்போதைக்கு எட்டாத கனி.

எலியில் வேலை செய்வோருக்கு இயற்கையே ஒரு சோதனையைத் தந்திருக்கிறது: இளம் எலியின் கல்லீரலில் பட்டை கனமாகவும் கிழ எலியில் மெலிந்தும் வர வேண்டும். கல்லீரலிலும் சிறுநீரகப் புறணியிலும் மிகுந்தும் மற்ற உறுப்புகளில் குறைந்தும் வர வேண்டும். வராவிட்டால் ஆன்டிபாடியைச் சந்தேகியுங்கள்.

விராலுக்கு இதே தருக்கத்தைப் பயன்படுத்தலாம். கல்லீரல், சிறுநீரகம், செவுள், தசை, மண்ணீரல் என ஐந்து உறுப்புகளில் ரெகுகால்சினின் தூது ஆர்.என்.ஏ. அளவை நிகழ்நேர பி.சி.ஆரில் அளந்து, அதே ஐந்தில் பட்டையின் கனத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே போக்கில் ஏறி இறங்கினால் அது நல்ல சான்று. ஆர்.என்.ஏ. அளவும் புரத அளவும் எப்போதும் ஒத்துப்போகாது என்பது தெரிந்ததே, ஆனால் ஆர்.என்.ஏ. ஏறத்தாழ இல்லாத உறுப்பில் கனமான பட்டை வந்தால் அதற்கு விளக்கம் தேட வேண்டும். பிரைமர் விலை ஆன்டிபாடியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. கருவி திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம், தஞ்சை சாஸ்த்ரா, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், நாகை மீன்வளப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் யாரையாவது தெரிந்திருந்தால் ஏற்பாடு செய்துகொள்ளக்கூடியது. சின்னக் கல்லூரிகளில் இருப்போர் கேட்கத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவருகிறேன்.

வேறு பகுதியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி என் வரிசையில் உயர்ந்த இடத்தில் இருக்கிறது. இரண்டு ஆன்டிபாடிகள், புரதத்தின் இரண்டு வெவ்வேறு முனைகளைப் பிடித்து, ஒரே இடத்தில் பட்டை காட்டினால், தவறான புரதத்தை இரண்டும் ஒரே எடையில் பிடித்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. விலை பெப்டைடைவிடக் கூடுதல். கவனிக்க வேண்டியது ஒன்று: மனிதத் திசுக்களில் நான்காவது எக்ஸான் (புரதத்துக்கான மரபணுத் துண்டுகளில் ஒன்று) விடுபட்ட ரெகுகால்சின் வடிவங்களும் பதிவாகியிருக்கின்றன. ஓர் ஆன்டிபாடி அந்தப் பகுதிக்குள் பிடித்தால் அந்தச் சிறு வடிவங்களைக் காட்டாது. இரண்டும் முழுக்க ஒத்துப்போகவில்லை என்பதற்காக உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள். வேறு பெயரில் வேறு நிறுவனம் விற்கும் அதே ஆன்டிபாடியை இரண்டாவதாக வாங்கிவிடும் ஆபத்தும் உண்டு. எந்தத் துண்டுக்கு எதிரானது, எந்த விலங்கில் வளர்த்தது, குளோன் எண் என்ன என்று பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நிறைநிரலியலுக்கு ஜெல்லிலிருந்து பட்டையை வெட்டி அனுப்பினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கல்லீரல் சாற்றில் 33 கிலோடால்டன் அருகே எத்தனையோ புரதங்கள் கூடியிருக்கும். பட்டியலில் ரெகுகால்சின் இருந்தாலும் ஆன்டிபாடி பிடித்தது அதைத்தான் என்று ஆகாது. முதலில் ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்திழுத்து, பிறகு அனுப்ப வேண்டும். அது ஆன்டிபாடியையும் பணத்தையும் தின்னும். இந்த நிலையில் பெங்களூருக்கோ சென்னைக்கோ அனுப்பும் முன் மற்றவற்றை முடித்துவிடுங்கள்.

பாக்டீரியாவில் விராலின் ரெகுகால்சினை உருவாக்குவது தடுப்பதற்குக் கட்டாது என்றேன். ஆனால் நேர்ச் சான்றாக அதற்கு இணையில்லை. வரிசைக்காக ஆர்.என்.ஏ. எடுத்தவர்கள் அதையே முழு நீளத்துக்குப் பெருக்கி ஈ.கோலியில் வைத்தால், நம் மீனின் புரதமே கையில் வந்துவிடும். அதன் ஒரு துளியைக் கல்லீரல் சாற்றின் பக்கத்திலேயே ஓட்டினால், ஆன்டிபாடி அதைப் பிடிக்கிறதா, எந்த உயரத்தில் நிற்கிறது என்பது நேராகத் தெரியும். தூய்மைப்படுத்துவதற்காகச் சேர்க்கும் ஹிஸ்டிடின் ஒட்டு இருப்பதால் சற்று மேலே நிற்கும். குளோனிங் பழகிய கை இல்லாத ஆய்வகத்தில் மாதக்கணக்கில் இழுக்கும். மூன்றாண்டுத் திட்டத்தின் முதல் ஆண்டில் இருப்பவர்கள் இதைத் தொடங்கலாம். ஆய்வேடு சமர்ப்பிக்க ஆறு மாதம் இருப்பவர் தொட வேண்டாம்.

குப்பி வந்து சேர்ந்த பிறகு

நம் ஊர்ச் சூழலில் பெப்டைடுக்கு ஒரு சாதகம் உண்டு. உறைய வைத்து உலர்த்திய பொடியாக வருவதால் சென்னை விமான நிலையத்திலிருந்து கூரியரில் தஞ்சைக்கு வருவதற்குள் கெட்டுப்போகும் அச்சம் குறைவு. ஆன்டிபாடி கரைசலாக வந்தால் ஐஸ் பொதி உருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. கஜா புயல் 2018 நவம்பர் 16இல் வேதாரண்யம் அருகே கரையேறிய பிறகு நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நாட்களை உலர்ந்த பொடி தாங்கும். கரைத்து வைத்த பெப்டைடும் ஆன்டிபாடியும் தாங்குவது கடினம்.

ஆகவே வாங்கிய மில்லிகிராம்களை மொத்தமாகக் கரைத்துவிடாதீர்கள். சிறு பங்குகளாக உலர்பொடியாகவே கேட்டு வாங்குங்கள். பல நிறுவனங்கள் கேட்டால் செய்து தரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்று ஈரம் சொட்டும். குளிர்ந்த குப்பியை எடுத்தவுடன் திறந்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். சிலிகா ஜெல் போட்ட பெட்டியில் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். மெத்தியோனின், டிரிப்டோபேன், சிஸ்டீன் உள்ள வரிசை என்றால் காற்றுப் படுவது இன்னும் கெடுதல். தானாகப் பனி கரைக்கும் வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டில் ஆன்டிபாடியை வைப்பது வேண்டவே வேண்டாம். அது ஒவ்வொரு நாளும் சூடாகிக் குளிர்கிறது.

ஆக, பணத்தை எங்கே வைப்பது?

எலியின் கல்லீரலில், சுத்திகரிக்காத சீரத்தோடு வேலை செய்பவர் விற்பனையாளரின் பெப்டைடைத் தயங்காமல் வாங்கலாம். அவருக்கு அது உண்மையான கேள்விக்குப் பதில் தரும். அதே எலியில் தூய்மைப்படுத்திய ஆன்டிபாடி வைத்திருப்பவர், பெப்டைடுக்கான தொகையை இரண்டாவது ஆன்டிபாடிக்குச் சேர்த்து வைக்கட்டும்.

விராலிலோ குறவையிலோ கெளுத்தியிலோ வேலை செய்பவர் வரிசைப் பொருத்தத்தை முதலில் பார்க்கட்டும். அது ஒத்துவந்தால் ஐந்து உறுப்புகளின் பி.சி.ஆர். ஒப்பீடு, அடுத்துத் தன் மீனின் வரிசையிலேயே ஒரு பெப்டைடும், அதைக் கலைத்துக் கோத்த இன்னொன்றும். மதிப்பீட்டாளர் "தடுப்புச் சோதனை எங்கே?" என்று கேட்டால் இதைக் காட்டலாம்; அவர் கேட்டதைவிடக் கூடுதலாகவே காட்டியிருப்பீர்கள். விற்பனையாளரின் மனிதப் பெப்டைடை மட்டும் வைத்து மீனின் பட்டையை "உறுதி செய்யப்பட்டது" என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. என்னிடம் வரும் வரைவுகளில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, "பெப்டைடால் தடுக்கப்பட்டது" என்று திருத்தி அனுப்புகிறேன். அவ்வளவுதான் அங்கே நடந்தது.

இண்டெண்ட் போடும் முன் விற்பனைப் பிரதிநிதிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி இவற்றைக் கேளுங்கள்: ஆன்டிபாடியை வளர்த்த துண்டின் வரிசை அல்லது எல்லைகள், அதைக் கொண்டே தூய்மைப்படுத்தினார்களா, எந்த இனங்களில் சோதித்தார்கள், மீன் அதில் இருக்கிறதா, இல்லை வெறும் வரிசை ஒப்புமையை வைத்து ஊகித்தார்களா, நமக்கு வரப்போகும் லாட் எண்ணுக்குரிய பிளாட் படம். பதில் எழுத்தில் வரட்டும். தொலைபேசியில் "எல்லா மீனுக்கும் வேலை செய்யும் சார்" என்று சொல்வதைக் கொட்டேஷனோடு கோப்பில் வைக்க முடியாது. பதில் வர ஒரு வாரம் ஆகலாம் என்பதால் மார்ச் வரை காத்திருக்காமல் பொங்கல் முடிந்த கையோடு எழுதிவிடுவது நல்லது.